சோஜர்னர் ட்ரூத் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1776-ஆம் ஆண்டில் தம் விடுதலையைப் பறைசாற்றியபோது, மாந்தர் அனைவரும் நிகராகவே படைக்கப்பட்டனர் என்னும் கொள்கையை அதற்கு அடிப்படையாகக் கொண்டன. ஆயினும், அக்கொள்கை அந்நாட்டில் வாழ்ந்த கருப்பின மக்களை எட்டவில்லை. ஆப்பிரிக்காவினின்று கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழியினரும் ஆடுமாடுகளைப் போல விலை கூறி விற்கப்பட்டனர். தாய் ஓரிடத்திலும் சேய் வேறோரிடத்திலுமாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வாறு விற்கப்பட்ட ஒரு சிறுமி, இறுதிவரை எழுத்தறியாதவராகவே வாழ்ந்தும், கற்றோர் நிறைந்த அவைகளில் எழுந்து பேசினார். நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். நாட்டின் தலைவர்களை நேரிற் கண்டு தம் மக்களுக்காகப் பரிந்துரைத்தார். அவரே சோஜர்னர் ட்ரூத் அம்மையார் ஆவார்.

பிறப்பும் இளமையும்

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் இசபெல்லா என்பது. நியூயார்க் மாநிலத்தில், அட்சன் ஆற்றை அடுத்த அல்ஸ்டர் வட்டாரத்தில், 1797-ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். அடிமைகளின் பிறந்த நாளை எவரும் ஏட்டில் குறித்து வைப்பதில்லை. தந்தையார் ஜேம்ஸ், மரம் போல் நெடிது வளர்ந்தவர். அதனால் மரத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லையொட்டிப் பாம்ஃப்ரீ என அழைக்கப்பட்டார். தாயார் எலிசபெத். டச்சுக்காரர் குடியேறி வாழ்ந்த பகுதியாதலின், இசபெல்லாவின் தாய்மொழியும் டச்சு மொழியாகவே இருந்தது.

தலைவரது மாளிகையின் நிலவறையே அடிமைகளின் இருப்பிடம். ஆணும் பெண்ணும் முதியோரும் குழந்தைகளும் அந்த ஈரத் தரையில் வைக்கோலைப் பரப்பி உறங்கினர். எலிசபெத் பத்துக்கு மேற்பட்ட மக்களைப் பெற்றார் என்பர். அவர்களுட் பெரும்பாலோர் இசபெல்லா அறியும் முன்னரே விற்கப்பட்டுவிட்டனர். ஒரு பனிக்காலக் காலையில் சறுக்குவண்டி ஒன்று வாயிலில் வந்து நின்றது. ஐந்து வயதுச் சிறுவன் அதனைக் கண்டு துள்ளி மகிழ்ந்தான். ஆனால், தன் தங்கையைப் பிடித்து வண்டிப் பெட்டியில் அடைத்ததைக் கண்டதும், அஞ்சி ஓடிக் கட்டிலின் கீழ் ஒளிந்துகொண்டான். அவனையும் இழுத்துச் சென்றனர். இந்நிகழ்ச்சியைத் தாயார் சொல்லிச் சொல்லிக் கண்ணீர் வடிப்பதை இசபெல்லா பன்முறை கேட்டிருந்தார்.

மாலை வேளைகளில் தாயார் தம்மிடம் எஞ்சியிருந்த குழந்தைகளை வெட்டவெளியில் அமர்த்தி, வானத்தே இறைவன் ஒருவன் உளன் என்றும், துன்பம் நேரும்போது அவனிடம் முறையிட வேண்டும் என்றும் கற்பிப்பார். பிரிந்துபோன உடன்பிறந்தாரும் தாம் காணும் இதே நிலவையும் விண்மீன்களையுமே காண்பர் என்று கூறித் தேற்றுவார். இசபெல்லா பெற்ற கல்வி இவ்வளவே. ஆனால் வாழ்நாள் முழுவதும் அது அவருக்கு உதவிற்று.

ஏலத்தில் விற்கப்படுதல்

1806-ஆம் ஆண்டளவில் தலைவர் இறந்தார். அவருடைய உடைமைகள் ஏலத்திற்கு வந்தன. ஏறத்தாழ ஒன்பது வயதினரான இசபெல்லா, ஓர் ஆட்டுமந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு விற்கப்பட்டார். வாங்கிய நீலி என்பவர் ஆங்கிலம் பேசுபவர். இசபெல்லாவோ டச்சு மொழியன்றிப் பிறிதறியார். வீட்டார் ஒரு பொருளைக் கேட்டால் அவர் வேறொன்றை எடுத்து வருவார். மொழியறியாமை குற்றமாகக் கொள்ளப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொட்டிலுக்கு வரவழைத்து, கைகளைக் கட்டி, தழலில் வாட்டிய பிரம்புக் கட்டினால் குருதி பெருக அடித்தனர். அத்தழும்புகள் அவர் உடலை விட்டு என்றும் நீங்கவில்லை.

தாயார் கற்பித்தவாறே சிறுமி இறைவனிடம் முறையிட்டார். தம்மைக் காண வந்த தந்தையாரிடமும் தம் நிலையைக் கூறினார். தந்தையாரின் முயற்சியால் அவர் விடுதி நடத்தும் ஒருவருக்கு விற்கப்பட்டார். பின்னர், 1810-ஆம் ஆண்டில் ஜான் டூமாண்ட் என்பவர் அவரை விலைக்கு வாங்கினார். அவரிடம் பதினாறு ஆண்டுகள் உழுதல், அறுத்தல், சமைத்தல், நூற்றல் ஆகிய எல்லாப் பணிகளையும் இசபெல்லா செய்தார். வளர்ந்து ஏறத்தாழ ஆறடி உயரமும் ஆடவர்க்கு நிகரான வலிமையும் உடையவரானார். தாமஸ் என்னும் அடிமைக்கு மனைவியாக்கப்பட்டு, மக்களையும் பெற்றார். இதற்கிடையே தாயார் மறைந்தார். முதுமையில் கண்ணிழந்த தந்தையாரோ, பயன்படாதவர் என்று விடுதலை செய்யப்பட்டு, ஒரு குடிசையில் தனியராய்க் குளிரில் வாடி இறந்தார்.

விடியலில் ஒரு பயணம்

நியூயார்க் மாநிலம் அடிமை முறையைச் சிறிது சிறிதாக ஒழிக்க 1799-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. பின்னர் 1817-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, 1799-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாளுக்கு முன் பிறந்த அடிமைகள் 1827-ஆம் ஆண்டு அதே நாளில் விடுதலை பெறுவர். அதன் பின் பிறந்தோரோ தாயின் தலைவருக்குக் குறிப்பிட்ட வயது வரை ஊழியம் செய்தாக வேண்டும்.

இசபெல்லா உண்மையாக உழைத்தால், சட்டம் குறித்த நாளுக்கு ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக டூமாண்ட் வாக்களித்தார். இசபெல்லா இரவு பகலாக உழைத்தார். அவ்வாண்டில் அவர் கையில் பெருங்காயம் பட்டது. ஆயினும் அவர் வேலையை விடவில்லை. குறித்த நாள் வந்ததும், கைப்புண்ணால் வேலை குறைந்தது என்று காரணங் காட்டித் தலைவர் வாக்கு மாறினார். இசபெல்லா உடனே வெளியேறவில்லை. தாம் செய்ய வேண்டிய பணி எஞ்சியிருத்தல் ஆகாது என்று கருதி, ஏறத்தாழ நூறு பவுண்டு கம்பளியை நூற்று முடித்தார். பின்பு, 1826-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் விடியுமுன், கைக்குழந்தை சோபியாவைத் தோளிற் சுமந்து, சிறு துணிமூட்டையுடன் நடந்து சென்றார். ஓடுவது தீயதென்று எண்ணியமையால், தாம் ஓடவில்லை, நடந்தே வெளியேறினார் என்று பிற்காலத்தில் அவர் கூறுவதுண்டு. மற்றக் குழந்தைகளைச் சட்டம் டூமாண்டுக்குக் கட்டுப்படுத்தியிருந்ததால், அவர்களை விட்டுச் செல்ல நேர்ந்தது. அத்துயரம் அவர் நெஞ்சை அறுத்தது.

வான் வாகனன் என்னும் நல்லோர் இல்லத்தில் அவர் புகலடைந்தார். தேடி வந்த டூமாண்டிடம் அவ்வில்லத்தார் எஞ்சிய ஊழியத்திற்காக இருபது டாலரும் குழந்தைக்காக ஐந்து டாலரும் கொடுத்து அவரை மீட்டனர். தம்மைத் தலைவர் என்று அழைக்கலாகாது என்றும், மாந்தர்க்குத் தலைவன் இறைவன் ஒருவனே என்றும் அவர்கள் கூறினர். அத்தகைய சொல்லை இசபெல்லா அதற்குமுன் எவரிடமும் கேட்டதில்லை.

மகனை மீட்ட தாய்

அந்நாளில் ஒரு கொடுஞ்செய்தி வந்தது. ஐந்து வயதுடைய மகன் பீட்டர் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அலபாமா மாநிலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டான். தெற்கு மாநிலங்களில் அடிமை முறைக்கு முடிவு நாள் இல்லை. அங்குச் சென்றவன் மீளான். ஆனால், அடிமையை மாநிலத்துக்கு வெளியே விற்பது நியூயார்க் சட்டப்படி குற்றமாகும். இசபெல்லா பழைய தலைவியிடம் சென்று முறையிட்டார். ஒரு கருப்புச் சிறுவனுக்காக இத்துணைக் கூச்சலா என்று தலைவி எள்ளி நகைத்தார். இசபெல்லா மனந்தளரவில்லை, மகனை மீட்டே தீர்வதாக உறுதி கூறித் திரும்பினார்.

கையில் காசில்லை, எழுத்தறியார், நீதிமன்ற நடைமுறையும் அறியார். குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர் அவருக்கு ஓரிரவு தங்க இடம் தந்து, கிங்ஸ்டன் நகரிலுள்ள நீதிமன்றத்திற்கு வழிகாட்டினர். பெருநடுவர் குழுவிடம் முறையிடுமாறு அவர்கள் கூறியதைக் கேட்டவர், அப்பெயருக்கேற்பப் பெருந்தோற்றமுடைய ஒருவரே அந்நடுவர் என எண்ணி, அங்குச் சிறந்த ஆடை அணிந்து நின்றவரை வணங்கித் தம் குறையைச் சொன்னாராம். சுற்றியிருந்தோர் நகைத்தனர். ஆயினும் அவர் சொற்களில் இருந்த உண்மை அவர்களை அசைத்தது. அவர்கள் உரிய இடத்திற்கு அவரை அனுப்பினர்.

வழக்கு தொடங்கியது. ஆணையைக் கொண்டு சென்று சேர்ப்பிக்க, அவர் வெறுங்காலுடன் பல மைல் நடந்தார். சட்டத்திற்கு அஞ்சிய எதிரி, அலபாமா சென்று சிறுவனை அழைத்து வந்தான். ஆனால் தாயிடம் ஒப்படைக்கவில்லை. அடுத்த விசாரணைக்குப் பல திங்கள் காத்திருக்க வேண்டும் என்றனர். இசபெல்லா மற்றொரு வழக்கறிஞரை நாடினார். ஐந்து டாலர் கொடுத்தால் மகனை விரைவில் மீட்டுத் தருவதாக அவர் கூறினார். குவேக்கர் அதனினும் மிகுதியாகவே பொருள் கொடுத்தனர். இசபெல்லா ஒரு காசும் எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் வழக்கறிஞரிடம் அளித்தார். மிகுந்த பொருளில் காலணியேனும் வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டனர். தமக்கு வேண்டுவது மகனே அன்றிக் காலணி அன்று என்பதே அவர் விடையாக இருந்தது.

நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட சிறுவன் தாயைக் கண்டு அலறினான். இவள் என் தாய் அல்லள் என்று கூறித் தலைவனைப் பற்றிக்கொண்டான். நெற்றித் தழும்பு குதிரை உதைத்ததால் நேர்ந்தது என்றான். அச்சமே அவனை அவ்வாறு பேச வைத்தது என்பதை நடுவர் உணர்ந்தார். 1828-ஆம் ஆண்டில், சிறுவன் தாய்க்கே உரியவன் என்று தீர்ப்பளித்தார். சிறுவனின் அச்சம் மெல்ல மெல்லத் தணிந்தது. தாய் அவன் மேலாடையை நீக்கிப் பார்த்தபோது, கழுத்திலிருந்து கால்வரை அடிபட்ட வடுக்கள் வரிவரியாய்க் கிடந்தன. கருப்பினப் பெண் ஒருவர் வெள்ளையர்மீது வழக்குத் தொடுத்துத் தம் மகனை அடிமைத்தளையினின்று மீட்ட முதல் நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று. இவ்வழக்கின் மூல ஆவணங்கள் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் 2022-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன.

நாடெங்கும் எழுந்த சமய உணர்ச்சி

இசபெல்லாவின் வாழ்வு மாறியதற்கு அந்நாளில் நாடெங்கும் பரவிய சமய எழுச்சியும் ஒரு காரணமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மக்கள் காடுகளின் நடுவே கூடாரமிட்டுப் பல நாள் தங்கி, இறைவழிபாடு செய்தனர். ஆயிரக்கணக்கானோர் கூடிய அவ்விடங்களில் போதகர்கள் உருக்கமாகப் பேசினர். மக்கள் தம் குற்றங்களை எண்ணிக் கதறினர். இவ்வெழுச்சியை வளர்த்தவருள் சார்லஸ் ஃபின்னி தலைசிறந்தவர். வழக்கறிஞர் தொழிலை விட்டுப் போதகரான அவர், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிகளில் ஊர் ஊராகச் சென்றார். மாந்தர் தம் விருப்பத்தாலேயே தீமையை விட்டு நன்மையின்பால் திரும்பக்கூடும் என்பது அவர் போதனையின் சாரம்.

இக்கருத்து கோயிலோடு நின்றுவிடவில்லை. ஒருவன் தன் தீமையை விடக்கூடுமாயின், நாடும் தன் தீமையை விடக்கூடும் அன்றோ? அடிமை முறை பாவமாயின், அதனை இன்றே விட வேண்டும் அன்றோ? இவ்வாறு எண்ணியோர் பல கழகங்களைக் கண்டனர். மதுவிலக்குக்காக 1826-ஆம் ஆண்டிலும், அடிமை ஒழிப்புக்காக 1833-ஆம் ஆண்டிலும் நாடளாவிய சங்கங்கள் தோன்றின. ஃபின்னி தம் ஆலயத்தில் அடிமைகளை உடையோர்க்குத் திருவிருந்து அளிக்க மறுத்தார். டாரதியா டிக்ஸ் அம்மையார் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்த மனநோயாளரின் துயர் துடைக்கப் பாடுபட்டார். பெண்களின் உரிமை வேண்டி 1848-ஆம் ஆண்டில் செனிகா பால்ஸ் என்னும் ஊரில் ஒரு மாநாடு கூடியது. எனினும், சமயம் எங்கும் ஒருமுகமாக நிற்கவில்லை. தெற்கு மாநிலங்களில் அதே திருமறையைக் கையில் ஏந்தி அடிமை முறையைப் போற்றிய போதகரும் இருந்தனர். இவ்வேறுபாட்டால் மெதடிஸ்ட் திருச்சபை 1844-ஆம் ஆண்டிலும், பாப்டிஸ்ட் திருச்சபை 1845-ஆம் ஆண்டிலும் இரண்டாகப் பிளந்தன.

இசபெல்லாவின் உள்ளத்தில் 1827-ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. திருவிழா ஒன்று நெருங்கியபோது, பழைய தோழரோடு களிக்க விரும்பி, டூமாண்டின் வீட்டிற்கே திரும்பிச் செல்ல அவர் எண்ணினார். வண்டியேறும் தறுவாயில், இறைவன் எங்கும் நிறைந்து தம்மை நோக்குகின்றான் என்னும் உணர்வு மின்னலெனத் தோன்றி அவரைத் தடுத்தது. அன்றுமுதல் அவர் கடவுட்பற்று ஆழ்ந்ததாயிற்று. அவர் மெதடிஸ்ட் திருச்சபையில் சேர்ந்தார்.

நம்பிக்கை தந்த பாடம்

பின்னர் இசபெல்லா பீட்டருடன் நியூயார்க் நகரம் சென்று வீட்டுவேலை செய்து வாழ்ந்தார். சமய உணர்ச்சி மிக்க அக்காலத்தில் உண்மை அடியாரோடு போலிகளும் தோன்றினர். மத்தியாஸ் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஒருவர், தாமே இறைவனின் தூதர் என்று கூறி, செல்வர் சிலரைத் தம்வயப்படுத்தினார். பியர்சன் என்னும் வணிகரும் அவரை நம்பினார். அவரிடம் பணிபுரிந்த இசபெல்லாவும் நம்பி, தாம் சேர்த்து வைத்திருந்த சிறு பொருளையும் அவர்களிடம் இழந்தார். 1834-ஆம் ஆண்டில் பியர்சன் இறந்தபோது அக்கூட்டம் சிதறியது. உடன் வாழ்ந்த குடும்பத்தார், இசபெல்லா தங்களுக்கு நஞ்சிட முயன்றதாகப் பழி தூற்றினர். இசபெல்லா மீண்டும் நீதிமன்றத்தை நாடினார். அவதூறு வழக்குத் தொடுத்து, 1835-ஆம் ஆண்டில் வென்று, இழப்பீடாக நூற்று இருபத்தைந்து டாலர் பெற்றார். ஆரவாரமிக்க சொற்களையெல்லாம் இறைமொழி என்று கொள்ளலாகாது என்பதை அவர் இங்ஙனம் பெருவிலை கொடுத்துக் கற்றார்.

மற்றொரு துயரமும் வந்தது. வளர்ந்த பீட்டர் தீய நட்பிற் சிக்கி, பின்னர்த் திருந்தும் நோக்குடன் 1839-ஆம் ஆண்டில் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் பணியாளனாகச் சென்றான். சில மடல்கள் வந்தன. 1842-ஆம் ஆண்டில் கப்பல் கரை திரும்பியபோது அவன் அதில் இல்லை. வழக்காடி மீட்ட மகனைக் கடல் கொண்டதோ, பிறநாடு கொண்டதோ, தாய் இறுதிவரை அறியவில்லை.

புதிய பெயர், புதிய வழி

1843-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு சாதாரண வேலைநாளில், இசபெல்லா தாம் பணிபுரிந்த வீட்டாரிடம் விடைபெற்றார். தலையணை உறையில் இரண்டொரு துணிகளும், கையில் சில காசுகளும், ஒரு கூடையில் உணவுமே அவருடைய உடைமைகள். அடிமைகள் தலைவரின் பெயராலேயே வழங்கப்பட்டு வந்தனர். அப்பெயர் இனி வேண்டாம் எனத் துணிந்து, சோஜர்னர் ட்ரூத் என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். சோஜர்னர் என்பதற்கு ஓரிடத்தில் நிலைத்து வாழாது தங்கித் தங்கிச் செல்பவர் என்பது பொருள். ட்ரூத் என்பதற்கு வாய்மை என்பது பொருள். ஊர்தோறும் சென்று வாய்மையை எடுத்துரைப்பதே தமக்கு இறைவன் இட்ட பணி என்று அவர் கொண்டார்.

கிழக்கு நோக்கி நடந்த அவர், கூடார வழிபாட்டுக் கூட்டங்களில் பேசினார். இனிய கம்பீரக் குரலில் பாடினார். ஒருமுறை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அத்தகைய கூட்டத்துள் முரட்டு இளைஞர் பலர் தடிகளுடன் புகுந்து, கூடாரங்களைக் கொளுத்துவதாக அச்சுறுத்தினர். அங்கிருந்த கருப்பினத்தவர் அவர் ஒருவரே. முதலில் தம்மையே தாக்குவர் என்று அஞ்சி, அவர் ஒரு பெட்டியின் பின்னே ஒளிந்தார். சிறிது நேரத்தில், இறைவனை நம்புவதாகச் சொல்லும் தாம் இவ்வாறு ஒளிவது முறையோ என்று நாணினார். உடன் வருமாறு பிறரை அழைத்தார், ஒருவரும் துணியவில்லை. தனியே வெளியேறி, ஒரு மேட்டின்மீது நின்று, உரத்த குரலில் ஒரு பாடலைப் பாடத் தொடங்கினார். முரடர் ஓடிவந்து சூழ்ந்தனர், ஆயினும் அடிக்கவில்லை. மீண்டும் பாடுமாறு கேட்டனர். அவர் வண்டியொன்றின்மீது ஏறி நின்று பாடினார், பேசினார். இன்னும் ஒரு பாடல் பாடினால் அமைதியாகச் செல்வரோ என்று இறுதியில் வினவினார். அவர்கள் இசைந்தனர், சொன்னவாறே கலைந்தும் சென்றனர்.

அவ்வாண்டின் இறுதியில் நார்த்தாம்டன் என்னும் ஊரில், பட்டுப்புழு வளர்த்து, அனைவரும் நிகராக உழைத்து வாழ்ந்த ஒரு கூட்டுறவுக் குடியிருப்பை அவர் அடைந்தார். அங்கே அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவர்களான வில்லியம் லாய்டு காரிசன், பிரடரிக் டக்ளஸ் ஆகியோரின் நட்பைப் பெற்றார். சமயப் பேச்சாளராக வந்தவர், சமுதாயத் தொண்டராக உருப்பெற்றார். தம் வாழ்க்கை வரலாற்றை அவர் சொல்ல, ஆலிவ் கில்பர்ட் அம்மையார் எழுதினார். 1850-ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. செல்லுமிடமெல்லாம் அதனை விற்று, முந்நூறு டாலர் விலையுள்ள தம் சிறு வீட்டின் கடனை அடைத்தார். பிறரிடம் கையேந்தாமல் தம் உழைப்பால் வாழ்வதே அவர் கொள்கை.

எழுத்தறியாத அம்மையார் திருமறையைப் பிறர் படிக்கக் கேட்டு மனத்தில் பதித்தார். படிப்பதற்குப் பெரியோரை விடச் சிறுவரையே விரும்பினார். பெரியோர் படிக்கும்போது தம் விளக்கத்தையும் கலந்து கூறுவர். சிறுவரோ கேட்ட பகுதியை உள்ளவாறே எத்தனை முறையும் படிப்பர். நூலின் பொருளைத் தாமே எண்ணித் தெளிய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஏக்ரன் மாநாடு

1851-ஆம் ஆண்டு மே திங்களில் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் பெண்கள் உரிமை மாநாடு நடைபெற்றது. பெண்கள் அறிவிலும் வலிமையிலும் ஆடவரினும் குறைந்தோர் என்னும் எண்ணமே அக்காலத்தில் ஓங்கியிருந்தது. அம்மையார் எழுந்தார். தாம் உழுததையும் அறுத்ததையும் மரம் வெட்டியதையும் சான்றாகக் காட்டி, உடல்வலியில் ஆடவர்க்குத் தாம் குறைந்தவர் அல்லர் என்றார். பெண்ணின் அறிவுக்கலம் சிறிது என்றே கொண்டாலும், அச்சிறு கலத்தை அவள் நிரப்பிக்கொள்வதை ஆடவர் ஏன் தடுக்க வேண்டும் என்று வினவினார். முதற்பெண் உலகை நிலைகுலைத்தாள் என்பது உண்மையாயின், அதனை நேராக்கும் வாய்ப்பையும் பெண்களுக்கே அளியுங்கள் என்றார். அவை மகிழ்ந்து ஆரவாரித்தது.

இவ்வுரை அடுத்த திங்களே ஓர் இதழில் வெளியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863-ஆம் ஆண்டில், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் கேஜ் அம்மையார் வேறொரு வடிவத்தை வெளியிட்டார். அதில் தென்மாநில அடிமைகளின் கொச்சை வழக்குப் புகுத்தப்பட்டிருந்தது. அம்மையாருக்குப் பதின்மூன்று மக்கள் என்றும் கூறப்பட்டிருந்தது. டச்சு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு வடமாநிலத்தில் வளர்ந்தவர் அவ்வாறு பேசியிரார். அவர் பெற்ற மக்களும் ஐவரே. அப்பிந்திய வடிவமே பெரும்புகழ் பெற்றதாயினும், முதல் வடிவமே உண்மைக்கு அணித்தானது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

மற்றோர் அவையில், அடிமைகளின் விடுதலைக்குக் குருதி சிந்துவதன்றி வேறு வழியில்லை என்று டக்ளஸ் மனங்கசந்து பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த அம்மையார், இறைவன் மறைந்துபோனானோ என்று ஒரே வினாவை எழுப்பினார். அவை முழுதும் அமைதியில் ஆழ்ந்தது. இருவரும் விரும்பியது விடுதலையே, வழியில்தான் வேறுபட்டனர். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அம்மையாரும் அப்போரை ஆதரித்தார்.

போர்க்காலத் தொண்டு

1857-ஆம் ஆண்டில் அம்மையார் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் நகருக்கு அருகே குடியேறினார். 1861-ஆம் ஆண்டில் போர் தொடங்கிற்று. கருப்பினப் படைவீரர்க்காக அவர் வீடுதோறும் சென்று உணவுப்பொருள் திரட்டினார். அவருடைய பேரர் ஒருவரும் படையில் சேர்ந்தார். 1864-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வாஷிங்டன் நகரில் ஆபிரகாம் லிங்கனைக் கண்டார். குடியரசுத் தலைவர் அம்மையாரின் கையொப்ப ஏட்டில் தம் கையொப்பம் இட்டார்.

தெற்கிலிருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கானோர் தலைநகரைச் சூழ்ந்த முகாம்களில் வாடினர். அம்மையார் அங்கே தங்கி, நோயாளரைப் பேணினார். பெண்களுக்குத் தையலும் வீட்டு ஒழுங்கும் கற்பித்தார். கருப்பினத்தவரைக் குதிரை டிராம் வண்டிகளில் ஏற்ற மறுத்தல் கூடாது என்று 1865-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. ஆயினும் நடத்துநர் பலர் அவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்துவதில்லை. அம்மையார் உரக்கக் கூவி வண்டியை நிறுத்தச் செய்து ஏறுவார். ஒருநாள் நடத்துநர் ஒருவர் அவரைக் கதவின்மீது தள்ள, தோளில் காயம் பட்டது. அம்மையார் அவரைக் கைது செய்வித்தார். அவர் வேலையும் இழந்தார். அதன்பின் வண்டிகளில் கருப்பின மக்கள் அச்சமின்றி ஏறலாயினர்.

நிறைவேறாத வேண்டுகோள்

1865-ஆம் ஆண்டில் அடிமை முறை நாடெங்கும் ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றோர்க்கு உழ நிலமில்லை, இருக்க வீடில்லை. அவர்களுக்கு மேற்குப் பகுதியில் அரசு நிலம் அளிக்க வேண்டும் என்று அம்மையார் கருதினார். 1870-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கிராண்டைக் கண்டார். எழுபதைக் கடந்த வயதிலும் மாநிலம் மாநிலமாகச் சென்று விண்ணப்பத்திற்குக் கையொப்பம் திரட்டினார். காங்கிரசு அதனை ஏற்கவில்லை. 1872-ஆம் ஆண்டில் பேட்டில் கிரீக்கில் வாக்களிக்கச் சென்றார். பெண் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டார். 1875-ஆம் ஆண்டில், உடன் சென்று எழுத்துப்பணி செய்துவந்த அன்புப் பேரனும் இறந்தான். ஆயினும் அம்மையாரின் பயணம் நிற்கவில்லை. 1879-ஆம் ஆண்டில், தெற்கை விட்டுக் கன்சாஸ் மாநிலத்திற்குத் தாமே புறப்பட்டு வந்த கருப்பின மக்களைத் தேடிச் சென்று உதவினார்.

1883-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் அம்மையார் பேட்டில் கிரீக்கில் உயிர் நீத்தார். ஏறத்தாழ ஆயிரவர் அவருக்கு இறுதி வணக்கம் செலுத்தினர். வயது நூறைக் கடந்தவர் என்றே அன்று பலரும் நம்பினர்; உண்மையில் அவருக்கு எண்பத்தாறு வயதே இருக்கும்.

அவர் வேண்டிய நிலம் கிடைக்கவில்லை. அவர் விரும்பிய வாக்குரிமையைப் பெண்கள் 1920-ஆம் ஆண்டில்தான் நாடெங்கும் பெற்றனர். ஆயினும் அவர் பெயர் மறையவில்லை. அடிமைகளின் உழைப்பும் கலந்து எழுந்த அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் 2009-ஆம் ஆண்டில் அவருடைய மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. அங்ஙனம் சிலை வைத்துச் சிறப்பிக்கப்பட்ட முதற் கருப்பினப் பெண்மணி அவரே. நியூயார்க் சட்டம் 1827-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாளை அடிமைகளின் விடுதலை நாளாகக் குறித்திருந்தது. சரியாக நூற்று எழுபது ஆண்டுகள் கழித்து, 1997-ஆம் ஆண்டு அதே நாளில் அமெரிக்க விண்கலம் ஒன்று செவ்வாய்க் கோளில் இறங்கியது. அது சுமந்து சென்ற சிறு ஊர்திக்குச் சோஜர்னர் என்று அம்மையாரின் பெயரையே சூட்டியிருந்தனர். நிலவறையில் வளர்ந்து, தாயின் அருகமர்ந்து விண்மீன்களை நோக்கிய அச்சிறுமியின் பெயர், இன்று அவ்விண்மீன்களின் நடுவே விளங்கும் ஒரு கோளில் நிலைபெற்றுள்ளது.